தண்ணீரும் எண்ணெயும் ஒரே கலத்தில்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எண்ணெய் வகைக் கரைப்பானான டொலுவீன் 110.6 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100-ல். கஞ்சிக்கோட்டில் பயிற்சிக்குப் போன இடத்தில் இரண்டும் சேர்ந்த கலவை 85-க்குள்ளேயே கொதித்துவிட்டது. தெர்மாமீட்டர் கோளாறா சார்? (மாணவி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: தெர்மாமீட்டர் சரியாகத்தான் இருக்கிறதம்மா. ஒன்றோடொன்று கலக்காத திரவங்கள் தனித்தனியே தம் முழு ஆவி அழுத்தத்தையும் (ஆவி வெளியே தள்ளும் அழுத்தம்) கொடுக்கும். எது எவ்வளவு இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. 84.5 டிகிரியில் தண்ணீருக்கு ஏறக்குறைய 425 மி.மீ. (பாதரச அளவில்), டொலுவீனுக்கு 335. கூட்டினால் 760, வெளிக்காற்றின் அழுத்தமும் அதுவே; கொதிக்கத்தானே வேண்டும்? ஆவியின் எடைப் பங்கும் இதிலேயே கிடைத்துவிடும். அழுத்தத்தை அதனதன் மூலக்கூறு எடையால், அதாவது 425-ஐ 18-ஆலும் 335-ஐ 92-ஆலும் பெருக்கிப் பாருங்கள்: தண்ணீர் 20 சதவீதம். அளந்து கண்ட மதிப்பும் அதுதான். எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும் கணக்கு இது.

இங்கே ஆவி அழுத்தத்தை மோல் பின்னத்தால் (கலவையில் அதன் மூலக்கூறுகளின் பங்கு) பெருக்கும் ரௌல்ட் விதியைப் போடாதீர்கள். அது ஒரே அடுக்காகக் கரைந்தவற்றுக்கு. இரண்டில் ஓர் அடுக்கு தீர்ந்ததும் வெப்பநிலை ஏறத் தொடங்கும், கவனியுங்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட கலவையைக் கணினி சிமுலேட்டரில் கணக்கிட, பெங்-ராபின்சன் சமன்பாட்டைப் போட்டால் போதுமா? (பாலக்காடு)

பதில்: 1976-ல் வந்த அந்தச் சமன்பாடு எரிவாயு, எண்ணெய்க்கு அருமையானது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் ஹைட்ரஜன் பிணைப்பு அதற்குத் தெரியாது. அதனால் தண்ணீர் அடுக்கில் கரைந்திருக்கும் ஹைட்ரோகார்பனை (டொலுவீன், பென்சீன் போன்றவை) பல மடங்கு குறைத்துக் காட்டும். உண்மையில் 25 டிகிரியில் லிட்டருக்கு டொலுவீன் சுமார் 0.5 கிராமும் பென்சீன் 1.8 கிராமும் கரையும். பிணைப்பையும் சேர்த்துக் கணக்கிடும் சி.பி.ஏ. சமன்பாட்டைப் போடுங்கள், ஆவி, எண்ணெய், தண்ணீர் என மூன்று அடுக்குக்கும் ஃப்ளாஷ் (எதில் எது எவ்வளவு என்று பிரிக்கும் கணக்கு) ஓட்டுங்கள். கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற ஊர்களில் கழிவுநீர்க் கணக்கில் சுழியம் என்று எழுத யாருக்கும் கை வரக் கூடாது.

கேள்வி: மிளகு எண்ணெய் நூறு டிகிரிக்குள் வடிகிறதே, எப்படி? (குமுளி)

பதில்: மேலே சொன்ன கணக்கேதான் ஐயா. மிளகு எண்ணெயில் உள்ள லிமோனீன் தனியே 176 டிகிரியில் கொதிக்கும்; நீராவியோடு சேர்ந்தால் நூறுக்குள் வந்துவிடும். உங்கள் மலையில் காற்றழுத்தம் குறைவு, அதனால் இன்னும் சில டிகிரி கீழே. ஆனால் அதிலுள்ள இன்னொரு பொருளான காரியோஃபில்லீன் 250-ஐத் தாண்டிக் கொதிப்பது, மெதுவாகக் கடைசியில்தான் வரும். அவசரப்பட்டு அடுப்பை அணைத்தால் அது சக்கையிலேயே தங்கிவிடும்.

கேள்வி: மழையில் பைக் டேங்கில் தண்ணீர் புகுந்துவிட்டது. குலுக்கி ஓட்டலாமா? (வாளையார்)

பதில்: வேண்டாம் தம்பி. எத்தனால் கலந்த பெட்ரோலில் கொஞ்சம் தண்ணீர் கரைந்தே நிற்கும். அளவு மிஞ்சினால் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும், குளிர்ந்த இரவில் இன்னும் சீக்கிரம். டேங்கைக் காலி செய்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள்.