வயிற்றுவலிக்கு மூளை காரணமாகுமா?

கேள்வி: என் எட்டு வயது மகளுக்கு ஓராண்டாக மாதம் ஒருமுறையாவது தொப்புளைச் சுற்றிக் கடும் வலி வருகிறது. முகம் வெளுத்து, வாந்தியெடுத்து, மாலைவரை சுருண்டு கிடப்பாள்; தூங்கி எழுந்தால் ஓடியாடுவாள். இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் இயல்பு. பூச்சி மருந்து கொடுத்தோம், தொக்கமும் எடுத்துப் பார்த்தோம். இது வயிற்றில் வரும் வலிப்பு என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு.
- வாசகி, பெரம்பூர்

பதில்: உங்கள் கடைசி வரியைத்தான் நான் முதலில் கவனித்தேன். ஒற்றைத் தலைவலி உள்ள குடும்பங்களில் அதே கோளாறு குழந்தைக்குத் தலையில் அல்லாமல் வயிற்றில் வெளிப்படுவதுண்டு. இதை வயிற்று மைக்ரேன் என்கிறோம். 2 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும் வலி, வாந்தி, முகம் வெளுத்தல், இடைப்பட்ட நாள்களில் முழு நலம் ஆகியவை உங்கள் மகளுக்குப் பொருந்துகின்றன. இதைக் காட்டிக்கொடுக்கும் ஸ்கேன் கிடையாது என்பதால், அறிக்கை இயல்பாக இருப்பதை வைத்து அவள் பள்ளிக்குப் போகாமலிருக்க நடிக்கிறாள் என்று யாரும் சொல்ல இடங்கொடுக்காதீர்கள்.

வயிற்று வலிப்பு என்பதும் உண்டு, ஆனால் மிக அபூர்வம். அந்த வலி திடீரெனத் தொடங்கிச் சில நொடிகளிலோ நிமிடங்களிலோ அடங்கும். அப்போது குழந்தை கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் வெறித்துப் பார்ப்பதும், பிறகு குழம்பி அயர்வதும் வழக்கம். அடுத்த முறை வலி வரும்போது கைபேசியில் ஒரு நிமிடம் படம்பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். இத்தகைய அறிகுறி எதுவுமின்றி, மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. பரிசோதனை எடுப்பதை நான் விரும்புவதில்லை. வலிப்பே வராத சில குழந்தைகளுக்கும் அதில் மாறுதல் தெரிந்து, வேண்டாத மாத்திரையில் போய் முடியும்.

பட்டினி, தூக்கக் குறைவு, நெடும்பயணம், தேர்வுப் பதற்றம் ஆகியவை மைக்ரேனைத் தூண்டும். பள்ளி வேன் வந்துவிடும் என்று பாலை மட்டும் குடித்துவிட்டு ஓடும் நம் ஊர்ப் பழக்கத்தை முதலில் மாற்றுங்கள். வலி தொடங்கியதும் இருட்டான அறையில் படுக்கவைத்து, எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். அடிக்கடி பள்ளி தவறினால் புரோப்ரனலால், சைப்ரோஹெப்டடின் போன்ற தடுப்பு மருந்துகள் உண்டு. ஆஸ்துமா இருந்தால் முன்னதைக் கொடுக்கக் கூடாது என்பதால், இவற்றை மருத்துவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், வலது அடிவயிற்றுக்கு நகரும் வலி இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காலையில் தலைவலியுடன் வாந்தி, தள்ளாடும் நடை, முதுகுவலியுடன் கால் பலவீனம் அல்லது சிறுநீர்ச் சிக்கல் தோன்றினால், மூளையிலோ தண்டுவடத்திலோ கட்டி உள்ளதா என்று எம்.ஆர்.ஐ. மூலம் பார்க்க வேண்டியிருக்கும்; அப்போது தாமதிக்காமல் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையிலோ, அருகிலுள்ள குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடமோ காட்டுங்கள்.