அந்தமான் கடலில் அடுக்கடுக்காய் நடுக்கம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அந்தமான் பக்கம் ஒரே நாளில் பத்துப் பதினைந்து நிலநடுக்கம் என்று சில நேரம் செய்தி வருகிறது. இவை ஏதோ ஒரு பெரிய நடுக்கத்தின் பின்னதிர்வுகள்தானே?

எப்போதும் அப்படி இல்லை. நிலநடுக்கப் பட்டியலில் அளவுகளை (ரிக்டர் போன்ற எண்) வரிசையாகப் பாருங்கள். பின்னதிர்வு என்றால் முதலில் பெரியது ஒன்று இருக்கும். அடுத்த பெரியது பெரும்பாலும் அதைவிட 1.2 அளவு குறைந்திருக்கும். எண்ணிக்கையும் ஓர் ஒழுங்கில் தேயும்: முதல் நாள் 100 என்றால் பத்தாம் நாள் ஏறத்தாழ 10. ஒரே பகுதியில் கூட்டமாக அடுத்தடுத்து வருவதை நிலநடுக்கத் திரள் என்பார்கள். அதில் அப்படித் தலைமை தாங்கும் நடுக்கம் கிடையாது. 4.8, 5.1, 4.9, 5.0 என்று எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரம். நடுவில் கூடும், குறையும், ஒரு நாள் சட்டென்று அடங்கிவிடும்.

2005 ஜனவரியில் நிக்கோபாருக்குக் கிழக்கே வந்த திரள் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது?

உலகில் இதுவரை பதிவானவற்றிலேயே மிக வலுவான திரள்களில் ஒன்று அது. ஜனவரி 27 முதல் 30 வரையில் மட்டும் 5 அளவும் அதற்கு மேலும் உள்ள நடுக்கங்கள் 150-ஐத் தாண்டின.

பூமியின் மேலோடு தட்டுகளாகப் பிரிந்து நகர்கிறது. அவற்றில் இந்தியத் தட்டு, தீவுகளுக்கு மேற்கே கடலடியில் உள்ள சுந்தா அகழி என்ற ஆழமான பள்ளத்தில் பர்மா குறுந்தட்டின் அடியில் சரிந்து இறங்குகிறது. 2004 டிசம்பர் 26 அன்று 9.1 அளவில் உடைந்தது இந்தத் தட்டெல்லைதான். உடைந்த நீளம் ஏறத்தாழ 1,300 கி.மீ. திரள் வந்த இடமோ தீவுகளுக்கு மறுபுறம், அந்தமான் கடலுக்குள். அங்கே தட்டுகள் மோதவில்லை. கடல்தளம் விரிகிறது, பக்கவாட்டில் உரசி நகர்கிறது. பாரன் தீவு எரிமலை இருப்பதும் இதே கடலில்தான். டிசம்பர் உடைப்பு அங்கே பாறையை இறுக்கிப் பிடித்திருந்த அழுத்தத்தை மாற்றிவிட, விரிசல்களில் எரிகுழம்போ சூடான நீரோ புகுந்து அவற்றை நழுவ வைத்தது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம்.

கிரீஸின் சாண்டொரினித் தீவருகே 2025 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கில் வந்த நடுக்கங்களும் இந்த இனம்தான். அங்கே பெரியது 5.3, கடலடியில் எரிகுழம்பு பக்கவாட்டில் ஊடுருவியதே காரணம்.

சின்னச் சின்னதாக வந்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் கரைந்து, பெரியது வராமல் போய்விடும் என்கிறார்களே?

கணக்கு ஒத்துவராது. அளவு 1 கூடினால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு. ஒரு 7-க்கு ஈடுகட்ட 5 அளவு நடுக்கங்கள் ஆயிரம் வேண்டும். ஒரு 9-க்குப் பத்து லட்சம். 2005 திரளே 150 சொச்சம்தான்.

அப்படியானால் திரள் என்பது பெரியதற்கு முன்னறிவிப்பா?

அதுவும் இல்லை. கலிபோர்னியாவில் நெடுங்காலமாகப் பார்த்த கணக்குப்படி, ஒரு நடுக்கத்துக்குப் பின் ஒரு வாரத்துக்குள் அதைவிடப் பெரியது வருவது நூற்றுக்கு 5 முறை அளவில்தான்.

ஆனால் எந்த இடத்தில் திரள் வருகிறது என்பது முக்கியம். சிலியின் இக்கிக்கே கடலோரத்தில் 2014 மார்ச் 16-ல் 6.7 வந்தது, தொடர்ந்து இரண்டு வாரம் அதிர்ந்தது, ஏப்ரல் 1-ல் 8.2. அது 1877-க்குப் பின் பெரிதாக உடையாமல் கிடந்த தட்டெல்லை. ஜப்பானில் 2011 மார்ச் 9-ல் வந்த 7.3-ஐ அன்று யாரும் முன்னதிர்வு என்று சொல்லவில்லை. 51 மணி நேரம் கழித்து 9.0 வந்த பிறகுதான் அந்தப் பெயர்.

அதே ஜப்பானில் போசோ தீபகற்பத்துக்கு அப்பால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை (2007, 2011, 2014, 2018, 2024) திரள் வரும். தட்டு பல நாட்களாக ஓசையின்றி நழுவுவதன் பக்கவிளைவு அது. நழுவல் நின்றதும் திரளும் நிற்கிறது. பெரியதில் முடிவது, தானாக அடங்குவது என்ற இந்த இரண்டு வகையையும் நடக்கும்போதே பிரித்துச் சொல்ல இன்றைக்கு வழியில்லை. தேதி குறித்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள். 2025-ல் ஜப்பானின் தோகாரா தீவுகளில் ஆயிரத்துக்கும் மேல் நடுக்கங்கள் உணரப்பட்டபோது, ஜூலை 5-ல் பேரழிவு என்ற வதந்தி விமானப் பயணங்களையே குறைத்தது. நாள் வந்தது, போனது.

ஆழம் எப்போது பார்த்தாலும் 10 கி.மீ. என்றே போடுகிறார்களே?

அது பெரும்பாலும் அளந்த எண் அல்ல. கடல் நடுக்கத்துக்கு அதிர்வைப் பதியும் நிலையங்கள் ஒரு பக்கம் மட்டும், அதுவும் தொலைவில் இருக்கும். ஆழம் பிடிபடாதபோது 10 என்று நிலைநிறுத்திக் கணக்கிடுவார்கள். மறு ஆய்வில் மாறும். இரண்டு நிறுவனங்களின் அளவில் 0.2, 0.3 வேறுபாடு இருப்பதும் இயல்பே. நேரம் சர்வதேச முறையில் (UTC) இருந்தால், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். ஒரே நடுக்கத்தை இரண்டாக எண்ணிப் பயப்படுகிறவர்கள் நிறைய.

ஒவ்வொரு நடுக்கத்துக்கும் சுனாமி பயம் வருகிறது. எதைப் பார்த்து முடிவெடுப்பது?

கடல்தளம் மேலும் கீழும் நகர்ந்தால்தான் நீர் பெரிதாக எழும். 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 வந்தும், பாறை பக்கவாட்டில் நகர்ந்ததால் சிறு அலையே எழுந்தது. 5 அளவுத் திரள் சுனாமி தராது.

ஹைதராபாத்தில் உள்ள, சுனாமி எச்சரிக்கை தரும் இன்காய்ஸ் (INCOIS) மையம் 6.5-க்கு மேற்பட்ட கடல் நடுக்கங்களுக்கு அறிக்கை தரும். மஞ்சள் என்றால் கவனித்திருந்தால் போதும். ஆரஞ்சு என்றால் கடற்கரையை விட்டு விலக வேண்டும். சிவப்பு என்றால் தாழ்வான பகுதியைக் காலி செய்ய வேண்டும்.

நிக்கோபாரில் இருப்பவர்கள் அதற்குக் காத்திருக்கக் கூடாது. நிற்க முடியாத அளவுக்கு ஆடினாலோ, ஆட்டம் ஒரு நிமிடத்தைத் தொட்டாலோ, அடங்கியதும் மேட்டுக்கு நடங்கள். அலை கால் மணி நேரத்தில் வரலாம். நாகப்பட்டினம், சென்னைக் கரைக்கு 2004-ல் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. இங்கே ஆட்டம் லேசாகத்தான் தெரியும் என்பதால் அறிக்கைதான் துணை. முதல் அலை வடிந்ததும் திரும்பி வராதீர்கள். இரண்டாவதும் மூன்றாவதும் அதைவிடப் பெரிதாக வரலாம், இடைவெளி அரை மணி நேரத்தையும் தாண்டலாம்.