வாசகர் கேள்விகள்: ஹாம்ஸ்டருக்கு எந்தத் தீவனம்?

கேள்வி: மகளின் ஆசைக்காக ஒரு சிரியன் ஹாம்ஸ்டர் வாங்கியிருக்கிறோம். சூரியகாந்தி விதை, மக்காச்சோளம், பல நிற உருண்டைகள், பச்சைக் குச்சிகள் எல்லாம் கலந்த ஒரு பாக்கெட்டைக் கடைக்காரர் கொடுத்தார். அது சூரியகாந்தி விதையைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதைத் தொடுவதே இல்லை. பெல்லட் என்று வேறொரு வகையும் கடையில் இருக்கிறது. விலைதான் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எதை வாங்குவது, பாக்கெட்டில் எதைக் கவனிப்பது?
— வாசகி ஒருவர், தாம்பரம்

பதில்: பெல்லட்டையே வாங்குங்கள். கலவைத் தீவனத்தின் குறை என்ன என்பதை உங்கள் ஹாம்ஸ்டர் ஏற்கெனவே காட்டிவிட்டது. பாக்கெட்டின் பின்புறத்தில் புரதம் 16 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால், அது உள்ளே இருக்கும் அத்தனை பொருட்களையும் சேர்த்துக் கணக்கிட்ட அளவு. பொறுக்கித் தின்னும் பிராணிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சூரியகாந்திப் பருப்பின் எடையில் ஏறத்தாழ பாதி கொழுப்பு; சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, பாஸ்பரஸோ அதைப்போலப் பல மடங்கு. அதை மட்டுமே தின்று வளரும் ஹாம்ஸ்டர் பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்தாலும் அதன் எலும்புக்கு வேண்டியது கிடைப்பதில்லை. நீங்கள் சொல்லும் பச்சைக் குச்சிகள் பெரும்பாலும் குதிரை மசால் (ஆல்ஃபால்ஃபா) என்ற தீவனப் பயிரை அரைத்து அழுத்திச் செய்தவை. கலவையில் வைட்டமின்களும் தாதுக்களும் சேர்க்கப்பட்டிருப்பது பெரும்பாலும் இப்படி அழுத்திச் செய்த துண்டுகளில்தான். உங்கள் ஹாம்ஸ்டர் ஒதுக்குவதும் அவற்றையே.

கிண்ணம் காலியாகிவிட்டால் எல்லாவற்றையும் தின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. கிடைத்ததைக் கன்னப்பைகளில் அடைத்துக்கொண்டு போய் வளைக்குள் பதுக்குவது ஹாம்ஸ்டரின் பிறவிக் குணம். இன்று வீடுகளில் வளரும் சிரியன் ஹாம்ஸ்டர்கள் அநேகமாக எல்லாமே 1930-இல் அலெப்போ நகருக்கு அருகே ஒரே வளையிலிருந்து தோண்டி எடுக்கப்பட்ட குட்டிகளின் வழி வந்தவை. இத்தனை தலைமுறை கூண்டில் கழிந்த பிறகும் அந்தக் குணம் சற்றும் குறையவில்லை. அடுத்த முறை கூண்டைச் சுத்தம் செய்யும்போது அது உறங்கும் மூலையில் மரத்தூளைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். மேலே விதைத் தோல்களும் அடியில் கடிபடாத பச்சைக் குச்சிகளும் மக்காச்சோளமும் கிடந்தால், நீங்கள் கொடுத்த விலையில் எவ்வளவு குப்பைக்குப் போகிறது என்பது தெரிந்துவிடும்.

பெல்லட்டில் எல்லாப் பொருட்களும் ஒன்றாக அரைபட்டு ஒரே மாதிரித் துண்டுகளாக வருவதால் பொறுக்குவதற்கு இடமில்லை. வாங்கும்போது முதலில் பொருட்பட்டியலைப் படியுங்கள். எடையில் எது அதிகமோ அதுவே பட்டியலில் முதலில் வரும். கோதுமை, பார்லி, ஓட்ஸ், சோயா என்று பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருப்பது, 'தானியங்கள், தாவரத் துணைப்பொருட்கள்' என்று பொதுவாக எழுதியிருப்பதைவிட நம்பத் தகுந்தது; பின்னதில் ஒவ்வொரு முறையும் என்ன சேர்த்தார்கள் என்பது நமக்குத் தெரிய வழியில்லை. சர்க்கரை, தேன், மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு) ஆகியவை பட்டியலின் முன்பகுதியில் இருந்தால் பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிடுங்கள். நிறமூட்டி சேர்ப்பது வாங்குபவரின் கண்ணுக்காக. தின்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அடுத்தது சதவீதங்கள். வளர்ந்த ஹாம்ஸ்டருக்குப் புரதம் 16 முதல் 20 வரையிலும் கொழுப்பு 4 முதல் 7 வரையிலும் இருப்பது நல்லது. குட்டிகளுக்கும் சினையாக இருப்பவற்றுக்கும் பாலூட்டுபவற்றுக்கும் புரதம் மேல் எல்லையை ஒட்டி இருக்கட்டும். நார்ச்சத்தைப் பொறுத்தவரை எண் 6-க்குக் குறையாமல் இருந்தால் போதும், அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. முயல், கினிப் பன்றி, ஹாம்ஸ்டர் ஆகிய மூன்றின் படத்தையும் போட்டு விற்கும் பொதுத் தீவனத்தை நான் பரிந்துரைப்பதில்லை. முயலும் கினிப் பன்றியும் புல் தின்பவை, நார்ச்சத்து மிகுதியாக வேண்டுபவை. கினிப் பன்றிக்கு வைட்டமின் சி-யும் உணவிலேயே கிடைத்தாக வேண்டும். ஹாம்ஸ்டர் அந்த வைட்டமினைத் தன் உடலிலேயே தயாரித்துக்கொள்ளும், அதற்குத் தேவைப்படுவது கூடுதல் புரதம். மூன்றுக்கும் ஒரே பாக்கெட் என்பது விற்பவருக்கு மட்டுமே வசதி.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லும்படி பலர் எழுதுகிறார்கள். பெயரைக் கொண்டு முடிவெடுக்க முடியாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன்: பெல்ஜியத்தின் வெர்சல்-லாகா நிறுவனம் ஹாம்ஸ்டருக்கென்று 'கம்ப்ளீட்' என்ற பெயரில் ஒரே மாதிரித் துண்டுகளையும், 'கிரிஸ்பி' என்ற பெயரில் பல பொருள் கலவையையும் விற்கிறது. இரண்டிலும் இருப்பது ஒரே முத்திரை.

விலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வளர்ந்த சிரியன் ஹாம்ஸ்டர் ஒரு நாளைக்கு 10 முதல் 12 கிராம் வரைதான் தின்னும், அதாவது ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி. அந்தக் கணக்கில் ஒரு கிலோ பெல்லட் மூன்று மாதங்களுக்கு வரும். பாதியை ஒதுக்கிவிடும் கலவையோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்கு விலை என்பது அவ்வளவு பெரிய வேறுபாடல்ல.

உணவைத் திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு வரலாம். ஹாம்ஸ்டருக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். ஆகவே பழைய கலவையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பெல்லட்டை அதே அளவு கூட்டி, இரண்டு வாரங்களில் முழுமையாக மாற்றுங்கள். பசித்தால் தின்னட்டும் என்று பட்டினி போடாதீர்கள். சமையலறை எடைத்தராசில் ஒரு டப்பாவை வைத்து இரண்டு நாளைக்கு ஒருமுறை எடை பாருங்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மாற்றத்தை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெல்லட் மட்டும் என்றால் அதற்குச் சலித்துப்போகாதா என்று உங்கள் மகள் கேட்கக்கூடும். அந்தக் கேள்வி நியாயமானது. தேடித் தின்பது ஹாம்ஸ்டருக்கு உணவைப் போலவே முக்கியம் என்பதால், வீட்டில் இருக்கும் தினை, சாமை, கம்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை ஒரு சிட்டிகை எடுத்து மரத்தூளில் தூவிவிடுங்கள். வாரம் இரண்டு மூன்று முறை நகமளவு வெள்ளரியோ கேரட்டோ தரலாம். வெங்காயம், பூண்டு, சாக்லேட், எலுமிச்சை வகைப் பழங்கள் ஆகியவை வேண்டாம். சூரியகாந்தி விதையை முழுவதும் விலக்க வேண்டியதில்லை. மகள் கையால் நாளைக்கு ஒன்று கொடுக்கட்டும், கைக்குப் பழகவும் அது உதவும்.

கேள்வி: என்னிடம் இருப்பவை குட்டை இன ஹாம்ஸ்டர்கள். அவற்றுக்கும் இதே பெல்லட் போதுமா? தேன் தடவிய தானியக் குச்சிகளையும் தயிர் மிட்டாய்களையும் இங்கே எல்லாக் கடைகளிலும் விற்கிறார்கள்.
— வாசகர் ஒருவர், சிங்கப்பூர்

பதில்: பெல்லட் அதேதான், அளவு மட்டும் பாதி. இனிப்பு விஷயத்தில் நீங்கள் மிகவும் கண்டிப்பாக இருக்க வேண்டும். கேம்பெல் வகைக் குட்டை ஹாம்ஸ்டரும் சீன ஹாம்ஸ்டரும் நீரிழிவு நோய்க்கு எளிதில் ஆளாகக் கூடியவை. சீன ஹாம்ஸ்டரில் பரம்பரையாக வரும் நீரிழிவைப் பற்றி ஆய்வாளர்கள் 1959-லேயே எழுதியிருக்கிறார்கள். கடையில் 'குட்டை இனம்' என்று பொதுவாகச் சொல்லி விற்பவற்றில் பல, கேம்பெல் வகையும் வேறொரு வகையும் கலந்து பிறந்தவை என்பதால், உங்களுடையதற்கு அந்த ஆபத்து இல்லை என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே தேன் குச்சி, தயிர் மிட்டாய், உலர்ந்த வாழைப்பழத் துண்டு, திராட்சை ஆகிய எதையும் வாங்காதீர்கள். இனிப்பில்லாத, மக்காச்சோளம் முன்வரிசையில் இல்லாத பெல்லட்டைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் பாட்டில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாவதும் சிறுநீர் கழிக்கும் மூலை எப்போதும் சொதசொதவென்று இருப்பதும் நீரிழிவின் முதல் அறிகுறிகள். இரண்டையும் சேர்ந்து கண்டால் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் முட்டைகூடச் சமைப்பதில்லை. நான் பார்த்த பெல்லட் பாக்கெட்டில் மீன் மாவு சேர்த்திருப்பதாகப் போட்டிருக்கிறது. ஹாம்ஸ்டர் தானியம் தின்னும் பிராணிதானே, சைவத் தீவனம் கொடுக்கக் கூடாதா?
— வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: ஹாம்ஸ்டர் தானியத்தோடு பூச்சி புழுக்களையும் தின்னும் அனைத்துண்ணி. எனவே மீன் மாவோ உலர்ந்த புழுவோ பட்டியலில் இருப்பது கலப்படமோ குறையோ அல்ல, அதன் இயல்புக்கு ஏற்றதுதான். எனினும் அதற்குத் தேவை குறிப்பிட்ட ஒரு பொருள் அல்ல, புரதத்தின் அளவும் தரமும். சோயாவை அடிப்படையாகக் கொண்டு, லைசின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்து, 18 சதவீதத்துக்குக் குறையாத புரதத்தோடு வரும் பெல்லட் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். வீட்டுத் தானியங்களை மட்டும் கலந்து கொடுத்துச் சமாளிக்க நினைப்பதுதான் தவறு. அரிசியிலும் கம்பிலும் இருக்கும் புரதம் இதற்குப் போதாது.

கேள்வி: கடையில் மூட்டையிலிருந்து அள்ளித் தரும் ஹாம்ஸ்டர் தீவனம் மலிவாக இருக்கிறது. வாங்கலாமா?
— வாசகர் ஒருவர், கடலூர்

பதில்: வேண்டாம். அது பெரும்பாலும் லவ் பேர்ட்ஸுக்கு விற்கும் தானியத்தில் சூரியகாந்தி விதையைக் கூட்டியது. வைட்டமினும் தாதுவும் சேர்த்திருக்க மாட்டார்கள், தயாரித்த தேதியும் தெரியாது. நம் கடலோர ஈரப்பதத்தில் நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் பூஞ்சணம் கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் நஞ்சை உண்டாக்கக் கூடியது, அது கண்ணுக்குப் புலப்படும் என்றும் சொல்ல முடியாது. எண்ணெய் விதை காறிப்போனால் அதிலுள்ள வைட்டமின் ஈ அழிந்துவிடும், ஹாம்ஸ்டருக்கு அந்தக் குறைபாடு தசைகளைப் பாதிக்கும். தேதி அச்சிட்ட, தயாரித்து ஆறு மாதம் தாண்டாத சிறு பாக்கெட்டை வாங்கி, பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி மூடி, அடுப்படிச் சூட்டிலிருந்து தள்ளி வையுங்கள். டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் மோந்து பாருங்கள். காறல் வாடையோ ஈர வாடையோ வந்தால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.