இரண்டாம் மாடி வகுப்பறையும் சக்கர நாற்காலியும்

மின்தூக்கி அமைக்க நிதியில்லை என்று கல்லூரி கைவிரித்துவிட்டதாகவும், நாள்தோறும் நண்பர்கள் நால்வர் தங்களைச் சக்கர நாற்காலியோடு இரண்டாம் மாடிக்குத் தூக்கிச் செல்வதாகவும் எழுதியிருந்தீர்கள்.

மின்தூக்கிக் கோரிக்கை ஒருபுறம் இருக்கட்டும். முதலில் தங்கள் வகுப்புகளைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தருமாறு முதல்வருக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, நகலில் ஒப்புகை முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். அதற்குக் கால அட்டவணையைத் திருத்தினாலே போதும் என்பதால், நிதியில்லை என்ற பதில் அங்கே செல்லுபடியாகாது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்களில் கட்டடமும் வளாகமும் அணுகத்தக்கவையாக இருப்பதையும், மாணவரின் தனித் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளையும் பற்றிப் பேசும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவை விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள்.

தங்களுடையது அரசு உதவி பெறும் கல்லூரி என்பதால், இந்தப் பிரிவு அதற்கும் பொருந்தும்.  கல்லூரியின் பதிலில் நிறைவில்லை என்றால், அதே சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம்.

நுழைவாயில் சாய்தளம் செங்குத்தாக இருப்பதாகவும் சொன்னீர்கள். அதை அளந்து பாருங்கள்: 1:12 சரிவின்படி, அதாவது உயரத்தைப் போல் 12 மடங்கு நீளம் என்ற கணக்கில், 45 செ.மீ. உயரத்துக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். படிகளின் மேல் சிமெண்டைப் பூசிவிட்டுச் சாய்தளம் என்று பெயர் வைப்பது நம் ஊர் வழக்கம். அதன் அடியில் இருசக்கர வண்டிகள் நிறுத்தப்பட்டிருந்தால், அதையும் படமெடுத்து விண்ணப்பத்தோடு இணையுங்கள்.