மறுமொழி: 7 மாதப் பிள்ளைக்கு நிறை ஏறவில்லை

கொழும்பிலிருந்து கொக்குவிலுக்கு வந்து இரண்டு மாதம், பிள்ளை 100 கிராம்தான் கூடியிருக்கிறாள், அரிசிக்கஞ்சியைப் போத்தலில் குடுக்கிறோம், வீட்டுக்கு ஒருவரும் வந்து பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதல் சந்தேகம் அந்தக் கஞ்சியில்தான். இந்த வயதுப் பிள்ளையின் வயிறு ஏறக்குறைய 200 மில்லிலீற்றர்தான் கொள்ளும். தண்ணிக்கஞ்சி அதை நிரப்பிவிடும். சத்து ஏறாது, தாய்ப்பாலும் குறையும். போத்தலை இன்றைக்கே நிப்பாட்டுங்கோ. சோற்றைக் குழைய அவித்து, பருப்பும் முருங்கையிலையும் சேர்த்துக் கரண்டியால் மசியுங்கோ. கரண்டியைச் சரித்தால் வழியக்கூடாது, அதுதான் பதம். முள் எடுத்த மீன், ஈரல் அல்லது முட்டை ஏதாவது ஒன்று ஒவ்வொரு நாளும் வேணும்; ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயும் விடலாம். நாளுக்கு 3 நேரம், மெல்ல மெல்ல அரைக் கோப்பை வரை. தாய்ப்பால் கேட்கிற நேரமெல்லாம். (மிக்சியில் பால்போல அடிக்க வேண்டாம், பிள்ளை சப்பிச் சாப்பிடப் பழகாது.)

வீட்டுக்கு ஆள் வராததற்குக் காரணம், உங்கள் பெயர் இந்தப் பகுதிப் பதிவில் இல்லாததாக இருக்கலாம். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டோடு உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், குடும்பநல உத்தியோகத்தரிடம் (வீட்டுக்கு வந்து தாய்-பிள்ளையைப் பார்க்கிற மருத்துவமாது) பதியுங்கோ. கிளினிக்கில் பம்பர்ஸைக் கழற்றி நிறுக்கச் சொல்லுங்கோ. நனைந்த பம்பர்ஸே 100 கிராமுக்கு மேல் காட்டும். திரிபோஷா (அரசாங்கம் குடுக்கிற சத்துமா) தேவையோ என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரே பார்ப்பார்.

காய்ச்சல், தொடர் சத்தி, சலம் குறைவு என்றால் கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. சலத்தில் கிருமி இருந்தாலும் நிறை இப்படி நிற்கும்.