கொடையாகக் கிடைத்த தோலும் எலும்பும்: கேள்வி பதில்

கொட்டாஞ்சேனை வாசகர்: மண்ணெண்ணெய் விளக்குச் சரிந்து என் மைத்துனியின் உடலில் பாதி வெந்துவிட்டது. இறந்த ஒருவரின் தோலை ஒட்டப்போவதாக வைத்தியர்கள் சொல்கிறார்கள். அது நிலைக்குமா?

பதில்: நிலைக்காது, நிலைக்க வேண்டும் என்பதற்காக அதை ஒட்டுவதும் இல்லை. இவ்வளவு வெந்தவருக்குத் தம்முடைய நல்ல தோல் போதிய அளவு மிஞ்சியிராது. கருகிய தோலை அகற்றிய இடத்தைத் திறந்தே விட்டாலோ உடலின் நீரும் வெப்பமும் வெளியேறி, கிருமிகள் உட்புகும். கொடைத்தோல் அந்த இடத்தை மூடி, வலியைக் குறைத்து, பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்கள் காவலாக நிற்கும். அதற்குள், அவருடைய தொடையில் ஏற்கெனவே மெல்லிய தோல் எடுத்த இடம் ஆறிவிடுமானால், அங்கிருந்தே மறுபடியும் எடுக்கலாம். அந்தத் தோலை வலைபோலக் கீறி விரித்து ஒட்டி, மேலே கொடைத்தோலைப் போர்த்துவதும் உண்டு. நோயாளி புகைபிடிப்பவரானால் இன்றே நிறுத்த வேண்டும். புகை நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் ஒட்டு பிடிக்காமல் போகலாம்.

வெள்ளவத்தை வாசகர்: எலும்பு வைக்கும்போது கொடையாளியின் இரத்த வகை பொருந்த வேண்டுமா?

பதில்: உறையவைத்து உலர்த்திய எலும்புக்குப் பொதுவாகத் தேவையில்லை; பதப்படுத்தும்போது அதன் உயிரணுக்கள் அழிந்துவிடுகின்றன.

தெஹிவளை வாசகர்: அப்பாவுக்குச் செயற்கை இடுப்பு மூட்டை இரண்டாம் முறை மாற்றும்போது கொடை எலும்பு வைக்கப்போகிறார்கள். அது அவர் உடலில் உயிர் பெறுமா?

பதில்: வைக்கப்படும் எலும்பு, கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போன்ற ஒரு தாங்கல் மட்டுமே. அப்பாவின் இரத்தக் குழாய்கள் அதனுள் ஊடுருவ, அவருடைய உயிரணுக்கள் பழையதைச் சிறிது சிறிதாகக் கரைத்துப் புதிய எலும்பை இடுகின்றன. இதற்கு மாதங்கள், சில வேளை ஆண்டுகள் ஆகும். கொழும்பில் 1996இல் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் உதவியுடன், இத்தகைய கொடை எலும்பையும் தோலையும் பதப்படுத்திச் சேமிக்கும் இழைய வங்கி தொடங்கப்பட்டபோது காமாக் கதிரால் கிருமி நீக்கும் முறையும் வந்தது. வழக்கமான கதிர் அளவு 25 கிலோகிரே (கிரே என்பது உட்கொள்ளப்படும் கதிரின் அலகு); அளவு கூடினால் தசைநாண் போன்ற இழையங்கள் வலுவிழக்கும். அப்பா புகைபிடிக்கக் கூடாது என்பதை இங்கும் சொல்கிறேன்.

பம்பலப்பிட்டி வாசகர்: கொடைத்தோல் நிலைக்காது என்று நீங்கள் எழுதியது, தோலைக் கொடுத்த குடும்பங்களைப் புண்படுத்தாதா?

பதில்: உண்மையை மறைத்துவிட்டுப் பின்னர் அவர்களே அறிய நேர்ந்தால்தான் அதிகம் புண்படுவார்கள். கிளாஸ்கோவில் சத்திரசிகிச்சை வைத்தியர் கிப்சனும் உயிரியலாளர் மெடாவரும், தீக்காயமுற்ற ஒரு பெண்ணுக்கு ஒரே கொடையாளியின் தோலை இரண்டு முறை ஒட்டியபோது இரண்டாவது ஒட்டு முதலாவதைவிட விரைவாக அழிந்ததைக் கவனித்து, 1943இல் அதை எழுதி வெளியிட்டார்கள். அயலாரின் தோலை உடலின் எதிர்ப்புத் திறனே நிராகரிக்கிறது என்ற அறிவு அங்கிருந்து வளர்ந்தது. மெடாவருக்கு 1960இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இறந்தவரின் முதுகிலும் தொடையிலுமிருந்து அரை மில்லிமீற்றருக்கும் மெல்லிய தோலையே எடுக்கிறார்கள். முகம் தொடப்படுவதில்லை, இறுதிச் சடங்கும் தடைப்படுவதில்லை. அந்தத் தோல் உதிர்ந்த பின்னும் உயிரோடிருக்கும் ஒரு பிள்ளையைத்தான் நான் அந்தக் குடும்பத்துக்குச் சுட்டிக்காட்டுவேன்.

அதே வாசகர் மீண்டும்: ஆனால் கண் நிலைக்கிறதே?

பதில்: ஆம். கண்தானத்தில் ஒட்டப்படுவது விழிவெண்படலம், அதாவது கண்ணின் முன்புறத்துத் தெளிந்த படலம். அதில் இரத்தக் குழாய்கள் இல்லாமையால் நிராகரிப்புக் குறைவு; பல ஆண்டுகள் தெளிவாக இருக்கக்கூடும். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் 1964இல் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியதிலிருந்து இந்நாட்டார் பலர் இதை அறிவார்கள். ஆனால் கண்ணை அளவுகோலாக வைத்துத் தோலை மதிப்பிடக் கூடாது. இரண்டின் வேலையும் வேறு.

மருதானை வாசகர்: எலும்புக்கு இரத்த வகை பார்க்க வேண்டாமா?

பதில்: வெள்ளவத்தை வாசகருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

மட்டக்குளி வாசகி: அடுத்த மாதம் எனக்குச் சிசேரியன். பனிக்குடச் சவ்வைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். கண்ணின் மேற்பரப்பைச் சீராக்கவும் முகத்துத் தீக்காயங்களை மூடவும் அந்தச் சவ்வு பயன்படுகிறது. எச்.ஐ.வி., ஈரல் அழற்சி பி, சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையும் உங்கள் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். ஆகவே சத்திரசிகிச்சை நாள்வரை காத்திராமல், அடுத்த கிளினிக்கிலேயே உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.