மெஷின் அண்ணனிடம், மெமரி கார்டு என்னிடம்

கேள்வி: நானும் அண்ணனும் 2006-ல் ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு, பர்மா பஜாரில் செகண்ட் ஹாண்டில் டிவியில் மாட்டி ஆடுகிற சோனி கேம் மெஷின், ஒரு பிஎஸ் 2 வாங்கினோம். அம்மா போன பிறகு இப்போது பழைய வண்ணாரப்பேட்டை வீட்டைக் காலி செய்கிறோம். அண்ணன் மீஞ்சூருக்குப் போகிறார், நான் கொருக்குப்பேட்டையில் வாடகைக்குப் போகிறேன். பரணில் இருந்த மெஷினை அண்ணன் தன் மூட்டையோடு கட்டிவிட்டார். ஆத்திரத்தில் மெமரி கார்டை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். டிஸ்க் நாற்பது இருக்கும், பாதி அங்கே, பாதி இங்கே. இரண்டு மாதமாகப் பேச்சில்லை. வேறு மெஷின் வாங்கி, கார்டில் இருக்கும் அவருடைய சேவ்களை, அதாவது அவர் எதுவரை ஆடினார் என்ற பதிவுகளை, அழித்துவிடலாமா? எந்தெந்த கேமைக் கேட்டு வாங்குவது? 38 வயதில் இது ஒரு பிரச்சினையா என்று மனைவி சிரிக்கிறார்.

பதில்: அவர் சிரிக்கட்டும், தப்பில்லை. ஆனால் பாகம் பிரித்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்காது. மனைக்கும் சுவருக்கும் பத்திரம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் யாரும் இல்லை, அதனால் சண்டை அங்கேதான் வரும். உங்கள் வீட்டில் அந்த அண்டா கறுப்பு நிறத்தில், இரண்டு ஜாய்ஸ்டிக் மாட்டுகிற மாதிரி இருந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் அவசரமான விஷயம். எதையும் அழிக்காதீர்கள். அழித்துவிட்டால் திரும்ப எடுக்க வழியே கிடையாது. ஒரு கோடை விடுமுறையில் என் சித்தி பையன் 'கார்டில் இடமில்லை' என்று சொல்லி என்னுடைய சான் ஆண்ட்ரியாஸ் கேமின் சேவ்களை அழித்தான். இன்றைக்கு அவனுக்கு இரண்டு குழந்தைகள். கல்யாண வீட்டில் பார்த்தால் இப்போதும் முதலில் அதைத்தான் கேட்கிறேன். அழிக்க வேண்டிய தேவையும் உங்களுக்கு இல்லை. மெஷினின் முன்பக்கத்தில் கார்டு போட இரண்டு இடம் இருப்பதை மறந்துவிட்டீர்களா? பழைய 8 எம்பி கார்டு இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்க் போடாமல் மெஷினை ஆன் செய்து, வருகிற மெனுவில் பிரவுசருக்குள் போனால் இரண்டு கார்டும் தெரியும். ஒரு கார்டில் உள்ள சேவ்களைத் தேர்ந்தெடுத்து, மற்றதற்குக் காப்பி செய்துவிடலாம். ஒருசில கேம்களின் சேவ் மட்டும் நகர மறுக்கும், மற்றதெல்லாம் ஒழுங்காகப் போய்விடும். அவருடையது அவருக்கும் இருக்கும், உங்களுக்கும் இருக்கும். வீட்டை இப்படிப் பிரிக்க முடியாது. இதை முடியும்.

ஆனால் இதற்கு மெஷின் வேண்டும். அது மீஞ்சூரில் இருக்கிறது. வேறு வாங்கலாம் என்கிறீர்கள். வாங்கலாம், கிடைக்காத பொருளில்லை. உலகத்திலேயே அதிகம் விற்ற கேம் மெஷின்களில் ஒன்று அது, 15 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. ஜப்பானில் 2000 மார்ச்சில் வெளிவந்து, 2013 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை கிட்டத்தட்ட 13 வருஷம் தயாரித்துக்கொண்டே இருந்தார்கள். ஆனால் கடைசி மெஷின் வெளியே வந்தே இத்தனை வருஷம் ஆகிறது. இப்போது கைக்கு வருவது எல்லாமே யாரோ ஆடி முடித்ததுதான். லென்ஸ் களைத்துப்போய், டிஸ்க்கைப் படிக்க அடம்பிடிக்கும். ஜப்பான் மாடல் என்றால் அது 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டு பிளக்கில் நேரே செருகினால் புகைதான் வரும். புது டிவி சிலதில் அந்த மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர் மாட்ட இடமே இருக்காது. நம் ஊர் உப்புக் காற்றில் பரணில் கிடந்த பொருள் வேறு. வேண்டாம், உங்கள் பழைய மெஷினே மேல். அது எப்படிக் கோபித்துக்கொள்ளும், எங்கே தட்டினால் சரியாகும் என்று இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

சரி, டிஸ்க்குக்கு வருவோம். நாற்பதில் பாதிக்கு மேல் காப்பி டிஸ்க்தான் என்று நீங்கள் எழுதவில்லை, எனக்குத் தெரியும். எழுதிய டிஸ்க்குக்கு ஆயுசு குறைவு. அதில் பலது ஏற்கெனவே செத்திருக்கும், அதற்காகச் சண்டை போட வேண்டாம். ஒரிஜினல் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

எந்த கேமைக் கேட்பது? அண்ணன் இல்லாமல் ஆடினால் சப்பென்று இருப்பவை எவை என்று பிரித்துப் பாருங்கள். ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் இருந்தால் அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு ராட்சதர்கள், ஒரு குதிரை, வேறு யாருமே இல்லாத பெரிய வெளி. அது தனியாக ராத்திரியில் ஆட வேண்டிய கேம், பக்கத்தில் யாராவது மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கெட்டுவிடும். என் கணக்கில் அந்த மெஷினில் வந்ததிலேயே அழகானது அதுதான்.

காட் ஆஃப் வார் பேருக்குத்தான் ஒற்றை ஆள் கேம். எந்த வீட்டில் ஒருவர் மட்டும் ஆடினார்கள்? சண்டைக்கு ஒருவர், பெட்டியைத் தள்ளிக் கதவைத் திறக்கிற இடத்துக்கு இன்னொருவர். க்ரோனோஸ் என்கிற ராட்சதன் முதுகில் கட்டியிருக்கும் அந்தக் கோயிலுக்குள் மாட்டிக்கொண்டு, ஜாய்ஸ்டிக்கைக் கை மாற்றி மாற்றி விடியற்காலை வரைக்கும் உட்கார்ந்த வீடுகள் எனக்குத் தெரியும். அந்த சேவ் யாருடையது என்று எப்படிச் சொல்வீர்கள்? கிரிக்கெட் 07-ஐ விட்டுக்கொடுத்துவிடலாம். நம் வீரர்களுக்கு அதில் சொந்தப் பெயர்கூடக் கிடையாது.

வின்னிங் லெவன் என்கிற கால்பந்து கேமின் கதை வேறு. வியாசர்பாடியில் பந்து உதைக்கிற பையன்கள் மழை நாளில் கேம் கடையில் அதைத்தான் போடச் சொல்வார்கள். தோற்றவன் எழுந்திருக்க வேண்டும், ஜெயித்தவன் உட்கார்ந்தே இருப்பான், அதுதான் அங்கே சட்டம். மெஷின் தயாரிப்பே நின்ற பிறகும், 2013 கடைசியில் கொனாமி அந்தக் கால்பந்து வரிசையில் ஒரு கேமை பிஎஸ் 2-வுக்கு வெளியிட்டது. அவர்களுக்கும் விட மனசில்லை போல. அந்த டிஸ்க்கை ஒருவர் வைத்துக்கொண்டு, ஒற்றை ஜாய்ஸ்டிக்கில் கம்ப்யூட்டரோடு ஆடுவது சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு தனியாக ரம்மி ஆடுவது மாதிரி.

அப்புறம் சான் ஆண்ட்ரியாஸ். பைக் ஓட்டினோம், சீட் கோட் போட்டுப் பீரங்கி வண்டியை இறக்கினோம், அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பிஎஸ் 2-வில் இரண்டு பேர் சேர்ந்து ஆடவும் அதில் வழி உண்டு. ஊருக்குள் சில இடங்களில் ஓர் அடையாளம் சுற்றிக்கொண்டிருக்கும், அதில் போய் நின்றால் இரண்டாவது ஆள் வந்துவிடுவார். திரை ஒன்றுதான், இரண்டாகப் பிரியாது. ஒருவர் ஒரு பக்கமும் மற்றவர் இன்னொரு பக்கமும் ஓடிப்போக முடியாது, கேம் விடாது. நானும் சித்தி பையனும் 'நீ இந்தப் பக்கம் வாடா' என்று கத்திக்கொண்டு ஒரு மதியம் முழுக்க ஒரே தெருவில் நின்றிருக்கிறோம்.

உங்கள் அண்ணனுக்கு போன் செய்து மன்னிப்பு, சமாதானம் என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். அவரும் கூச்சப்படுவார், நீங்களும் உளறுவீர்கள். வேலையைப் பற்றிப் பேசுங்கள். "அண்ணா, மெஷின் ஆன் ஆகுதா? டிஸ்க் படிக்குதா? கார்டு எடுத்துட்டு ஞாயித்துக்கிழமை வரேன், உன்னோடதையும் காப்பி போட்டுக்கலாம்." இவ்வளவு போதும். கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினால் நேரே மீஞ்சூர். உங்களிடம் இருக்கிற இருபது டிஸ்க்கையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். மெஷின் அவரிடம், கார்டு உங்களிடம் என்று எழுதினீர்கள். இரண்டாவது ஜாய்ஸ்டிக் யாரிடம் இருக்கிறது என்று எழுதவே இல்லை. போனில் முதலில் அதைக் கேளுங்கள்.